தலைக்குப் போகாதே, கையே!

அத்தியாயம் பதினொன்று

போன வாரம் சில்வியாவைக் குளியலறையில் விட்டுவிட்டு வந்தோம், தலை நிறைய எலுமிச்சம்பழச் சாறும் கண் நிறையக் கண்ணீருமாக. எரிச்சல் சிறிது நேரத்தில் அடங்கிவிட்டது. அரிப்பு அடங்கவில்லை.

அடங்கினால்தானே! ஈஸ்டர் முடிந்த கையோடு வந்த அரிப்பு. ஆடிக் காற்றில் அம்மியே நகரும் என்பார்கள். ஆடியே பாதி போய்விட்டது, இது மட்டும் சில்வியாவின் தலையை விட்டு நகர்வேனா என்கிறது.

அவள் செய்யாத வைத்தியம் இல்லை. வெந்தயம் அரைத்துப் பூசினாள், சளி பிடித்தது. சின்ன வெங்காயச் சாறு தேய்த்தாள். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானது. எல்லாம் போர் தண்ணீரால் வந்தது என்று பக்கத்து வீட்டு ராஜம்மா சொல்ல, குடிக்கிற கேன் தண்ணீரை எடுத்துத் தலை அலசினாள். புருஷன் டெனிசன் முகத்தைச் சுளித்தான். பேன் சீப்பால் வாரு வாரென்று வாரி வெள்ளைத் துணியில் உதறிப் பார்த்தாள். ஒரு பேன்? ஒரு ஈர்? மருந்துக்குக்கூட இல்லை. இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பாள். எதிரி யார் என்றாவது தெரிந்திருக்கும்.

'மருமகளுக்கு ஒன்று என்றால் உடனே மாமியார் மேல் பழியா? ஜெபமணியம்மாள் தங்கமானவர்' என்று செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகி காட்டமாக எழுதியிருக்கிறார். அம்மா தாயே, நான் எப்போது இல்லை என்றேன்? அவர் தங்கம்தான். அதனால்தான் விஷயம் இத்தனை சிக்கலாகிவிட்டது.

இந்த வாரம்தான் புதிதாக உள்ளே வருகிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஜெபமணியின் கணவர் அருள்நாதன் இறந்த பிறகு அந்த அம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். சாப்பிடு என்றால் சாப்பிடுவார், ஜெபத்துக்கு வா என்றால் வருவார், அவ்வளவுதான். அவரை அங்கிருந்து எழுப்பியது ஒரு இரும்பு வாணலி. தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் போட்டுக் காய்ச்சி, மாதா கோயில் பெண்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். 'ஜெபமணி கூந்தல் தைலம்' என்று பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டுகிற அளவுக்கு வளர்ந்தது. ஒரகடத்தைச் சுற்றியுள்ள லேடீஸ் ஹாஸ்டல்களில் எல்லாம் அந்த பாட்டில் போயிற்று. எண்ணெய் காய்ச்ச ஆரம்பித்த பிறகுதான் ஜெபமணி மறுபடி சிரித்தார்.

அந்த ஸ்டிக்கரில் ஒரு படம் இருக்கிறது. முதுகைக் காட்டி நிற்கிற ஒரு பெண். இடுப்புக்குக் கீழே தொங்கும் பின்னல். முகம் தெரியாது. ஆனால் அவர்கள் ஊரான வல்லம் வடகாலில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், அது சில்வியாவின் பின்னல் என்று.

அந்தப் பின்னலுக்குச் சொந்தக்காரிதான் நாலு மாதமாகச் சொறிந்துகொண்டு நிற்கிறாள். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

*

இன்றைக்கும் விடியும் முன்பே எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டாள். ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் பஸ் யாருக்காகவும் நிற்காது. முடியைத் துவட்ட நேரம் ஏது? ஈரத்தோடு முறுக்கிக் கொண்டை போட்டு நாலு ஹேர்பின்னைக் குத்தினாள்.

"ஒரு கை எண்ணெ வெச்சிக்கினு போம்மா," என்று ஜெபமணி கிண்ணத்தோடு பின்னாலேயே வந்தார். "உடம்புல சூடு ஏறிக்கினு கீது. அதான் அரிக்கிது."

"நேத்து நைட்டுதான் அத்தை தேய்ச்சேன்."

"நேத்து சாப்பிட்டோம்னு இன்னிக்கு சாப்பிடாம இருக்கமா? குனி."

சில்வியா குனிந்தாள். குனியாமல் என்ன செய்வாள்? அந்த விரல்கள் உச்சியில் படும்போது ஒரு நிமிஷம் சுகமாகத்தான் இருக்கும். மல்லிகை வாசனை குப்பென்று ஏறும். அதற்கப்புறம் வருமே ஒரு அரிப்பு! பஸ் வல்லம் கூட்டு ரோட்டைத் தாண்டுவதற்குள் அவள் ஜன்னல் கம்பியில் தலையை இடித்துக்கொள்ளலாமா என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவாள்.

அவள் வேலை செய்வது செல்போன் காமிராவுக்கு லென்ஸ் பொருத்துகிற லைன். அங்கே தூசிதான் எமன். நீலக் கோட்டு, முகத்தில் மாஸ்க், தலையில் ஒரு வலைத்தொப்பி, அதற்கு மேல் கழுத்துவரை மூடுகிற துணிக்குல்லாய். உள்ளே போய்விட்டால் கை தலைக்குப் போகக்கூடாது. மூக்கு அரித்தாலும் போகக்கூடாது. போனால் மேலே இருக்கும் காமிரா பார்க்கும், காமிராவைப் பார்க்கிறவர் சூப்பர்வைசர் பகலவனுக்குச் சொல்வார், பகலவன் பெயரைக் குறித்துக்கொள்வார்.

அந்தப் பகலவன் காலைக் கூட்டத்தில் ஒரு குண்டைப் போட்டார்.

"நாளைக்கு கஸ்டமர் ஆடிட். வெளிநாட்டுக்காரங்க நேரா லைனுக்கே வந்து நிப்பாங்க. ஒருத்தர் கையும் தலைக்குப் போகக்கூடாது." பிறகு சில்வியாவைத் தனியாகக் கூப்பிட்டார். "லைன் லீடர் போஸ்டுக்கு உங்க பேரைத்தான் கொடுத்திருக்கேன், சில்வியா. நாளைக்கு நீங்க எப்படி நிக்கறீங்கன்னு மேனேஜரே பார்க்கப்போறார். ஆனா உங்க பேர்ல காமிரா கம்ப்ளைன்ட் வந்துக்கிட்டே இருக்கு."

"தெரியும் சார்."

"தெரிஞ்சா சரி. நாளைக்கு நல்லபடியா முடிஞ்சா லீடர். சொதப்பினா உங்களைப் பேக்கிங்குக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. அப்புறம் நான் ஒண்ணும் பண்ண முடியாது."

பேக்கிங்! ஆறு வருஷம் லென்ஸைப் பிடித்த கை, அட்டைப் பெட்டிக்கு டேப் ஒட்டுவதா? லீடர் ஆகிவிட்டால் ஷிஃப்ட் மாறி மாறி வராது, பொதுவான பகல் நேரம்தான், மகள் ஜெர்சியைப் பள்ளிக்கூடத்துக்குத் தானே தலைவாரி அனுப்பலாம் என்று அவள் எத்தனை கணக்குப் போட்டு வைத்திருந்தாள்! எல்லாம் இந்தப் பாழாய்ப்போன தலையால் போய்விடும் போலிருக்கிறதே.

இன்றைக்கு வைராக்கியமாக நிற்பது என்று முடிவு செய்துகொண்டு லைனில் உட்கார்ந்தாள்.

வைராக்கியம் டீ டைம் வரைகூடத் தாங்கவில்லை. குல்லாய்க்குள் ஈரமும் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து கசகசவென்று கிடக்க, முதலில் காதுக்குப் பின்னால் ஆரம்பித்தது. பிறகு பிடரி. பிறகு உச்சி. பல்லைக் கடித்தாள். 'பரமண்டலங்களில் இருக்கிற' என்று மனசுக்குள் ஜெபத்தை ஆரம்பித்தாள். பாதியில் எந்த வரி என்று மறந்துபோயிற்று.

பக்கத்து இருக்கையில் ஷெர்லின். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் டிரெய்னி. சின்னப் பெண், சில்வியாவிடம்தான் வேலை கற்றுக்கொள்கிறாள். அந்தப் பெண் காதைத் தோளில் தேய்த்தாள். பிறகு மறு காதை மறு தோளில் தேய்த்தாள்.

சில்வியாவுக்குச் சுர்ரென்று வந்தது. "இன்னா, என்னைப் பார்த்து நக்கல் பண்றியா?"

"ஐயோ, இல்லக்கா. எனக்கு நெசமாவே..."

"வேலையைப் பாரு."

ஷெர்லின் வாயை மூடிக்கொண்டாள். இவள் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம். அரிப்பெடுத்தவளுக்குப் பொறுமை ஏது?

அடுத்த சில நிமிஷத்தில் அது நடந்தது. சில்வியாவின் கை அவளைக் கேட்காமலே மேலே போயிற்று. குல்லாயின் ஓரத்தில் ஒரு விரலை விட்டு, ஒரே ஒரு தடவை, பரக்கென்று. அம்மாடி! சொர்க்கம் என்று ஒன்று இருந்தால் அந்த ஒரு நொடிதான். கண்ணைத் திறந்தால் எதிரே பரிசோதனைத் திரையில் லென்ஸ் மேல் வெள்ளையாக ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, சோற்றுப் பருக்கை அளவுக்குப் பெரிதாக. திரையில்தான் அவ்வளவு பெரிது. நிஜத்தில் அது ஒரு பொடுகுச் செதில்.

லைன் நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது. அத்தனை குல்லாய்களும் அவள் பக்கம் திரும்பின.

பகலவன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலாம். வெளியே அழைத்துப்போய், மெதுவான குரலில் கேட்டார்: "தலையில பேனா?"

சில்வியாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளக்கக்கூடாதா என்றிருந்தது. "இல்ல சார். சத்தியமா இல்ல."

"எனக்கு நீங்க சத்தியம் பண்ண வேணாம். இப்பவே அரை நாள் லீவு எடுத்துக்கிட்டு ஒரு ஸ்கின் டாக்டரைப் பாருங்க. தொத்து இல்லைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. இல்லைன்னா நாளைக்கு லைனுக்குள்ள விடமாட்டாங்க."

*

சிங்கப்பெருமாள் கோவில் டவுனுக்கு ஷேர் ஆட்டோவில் போகும்போது இரண்டு பக்கமும் ஆள். கையைத் தூக்கினால் ஒருத்தர் மூக்கில் முழங்கை இடிக்கும். சில்வியா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டாள். அவமானத்தில் கண் கலங்கியது. கோபத்திலும் கலங்கியது. எது எது என்று பிரித்துச் சொல்ல அவளாலேயே முடியவில்லை.

கடைத்தெருவில் மாடியில் இருந்தது தோல் டாக்டர் கோமதியம்மாளின் கிளினிக். அந்த அம்மாள் விளக்கைப் பக்கத்தில் இழுத்து, முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். பார்க்கும்போதே "ம்... ம்..." என்று வேறு சொன்னார்.

"பேன் இல்ல. தொத்துற வியாதியும் இல்ல. பயப்படாதீங்க."

சில்வியா "அப்பாடா" என்று சத்தமாகவே சொல்லிவிட்டாள்.

"முழுசாக் கேளுங்க. இங்க ரெண்டு விஷயம் இருக்கு. முதல்ல பொடுகு. சும்மா உதிர்ற பொடுகு இல்ல. மஞ்சளா, பிசுபிசுன்னு அடை மாதிரி ஒட்டிட்டிருக்கு. நம்ம எல்லார் தலைலயும் ஒரு காளான் கிருமி இருக்கும்மா. அதுபாட்டுக்கு இருக்கும். எண்ணெயும் வேர்வையும் கிடைச்சா பெருத்துடும். தலை குளிச்சுட்டு முடியைக் காய வைக்கறீங்களா?"

"எங்க டாக்டர்? பஸ் வந்துடும். ஈரத்தோடவே கொண்டை. அதுக்கு மேல குல்லா. மத்தியானம் வரைக்கும் கழட்ட முடியாது."

"நல்லா இருக்கு போங்க. அதுக்கு நீங்களே பந்தல் போட்டு விருந்து வெச்சிருக்கீங்க. மருந்து ஷாம்பு எதாவது போட்டீங்களா?"

"மெடிக்கல்ல கேட்டு வாங்கிப் போட்டேன். கேக்கல."

"போட்டு எவ்வளவு நேரம் விட்டீங்க?"

"போட்டதும் அலசிட்டேன். அன்னிக்கு நைட்டே எண்ணெ தேய்ச்சிட்டேன், தலை காஞ்சு போகக்கூடாதுன்னு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அடுப்பை அணைச்சிட்டு மறுபடி நீங்களே பத்த வெச்சிருக்கீங்க. அஞ்சு நிமிஷமாவது தலையில ஊறணும்மா. அப்பதான் மருந்து. இல்லைன்னா அது வெறும் நுரை."

சில்வியாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வெந்தயம், வெங்காயம், எலுமிச்சை என்று நாலு மாதம் நாய் படாத பாடு பட்டது எல்லாம் இதற்குத்தானா?

"இது முதல் விஷயம். ரெண்டாவதுதான் எனக்கு இடிக்குது." டாக்டர் அவள் காதுமடலை மடக்கிப் பார்த்தார். பிடரியைப் பார்த்தார். நெற்றியோரத்தைப் பார்த்தார். "இங்கெல்லாம் சிவந்து தடிச்சிருக்கே, இது பொடுகு இல்ல. இது ஒவ்வாமை. எதோ உங்க தோலுக்குப் பிடிக்கல. டை அடிக்கறீங்களா?"

"இல்ல டாக்டர்."

"புதுசா சோப்பு, ஷாம்பு, சென்ட்?"

"எதுவும் இல்ல."

"கையைக் காட்டுங்க."

காட்டினாள். விரலிடுக்கில் அதே சிவப்பு. பாத்திரம் தேய்க்கிற பவுடரால் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தது.

"கையில என்ன படுது?"

சில்வியா யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்ததும் அவளும் மாமியாருமாக உட்கார்ந்து பாட்டிலில் எண்ணெய் ஊற்றுவார்கள். புனலை வைத்து இவள் பிடிக்க, அவர் ஊற்ற, கை முழுக்க வழியும்.

"எண்ணெ," என்றாள். "எங்க வூட்டு எண்ணெ. ஆனா டாக்டர், அதை நான் ரெண்டு வருஷமா தேய்க்கிறேன். அப்பல்லாம் ஒண்ணுமே பண்ணல."

"எப்ப ஆரம்பிச்சுது?"

"ஈஸ்டருக்கு அப்புறம்."

"ஈஸ்டருக்கு அந்த எண்ணெயில எதாவது மாத்துனீங்களா?"

சில்வியாவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. தவக்காலத்தில் ஒரு நாள் பஸ்ஸில் பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள். 'அக்கா, உங்க எண்ணெ சூப்பர்தான், ஆனா கஷாய நாத்தம்' என்றார்கள். அதை அப்படியே வீட்டில் வந்து ஒப்பித்தது யார்? சில்வியா. 'நான் பாரிமுனையில விசாரிக்கிறேன்' என்று கிளம்பிப் போய் ஒரு கேன் மல்லிகை வாசனையைத் தூக்கிக்கொண்டு வந்தது யார்? டெனிசன். வாணலி இறங்கியதும் அதை ஊற்றிக் கலந்தது ஜெபமணி. பெரிய வியாழனன்று, நல்ல நாள் பார்த்து.

மூன்று பேர் கையும் அந்த எண்ணெயில் இருக்கிறது.

டாக்டர் எழுதிக் கொடுத்தார். மருந்து ஷாம்பு, வாரத்தில் இரண்டு நாள், அஞ்சு நிமிஷம். தடிப்புக்கு ஒரு லோஷன், ஒரு வாரம் மட்டும். முடி காயாமல் கொண்டை போடக்கூடாது. தொற்று இல்லை என்ற சீட்டும் கொடுத்தார். "எண்ணெயை இன்னிக்கே நிறுத்துங்க. இன்னிக்கு ராத்திரி மட்டும் தேய்ச்சுக்கறேன், மாமியார் மனசு நோகும்னெல்லாம் சொல்லிட்டு வராதீங்க."

"நாளைக்குள்ள அரிப்பு நின்னுடுமா டாக்டர்?"

"லோஷன் போட்டா கொஞ்சம் அடங்கும். முழுசா நிக்க நாளாகும். ஆனா எண்ணெ பட்டா எதுவுமே அடங்காது."

*

வீட்டில் டெனிசன் இருந்தான். ஒரகடத்தில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். இந்த வாரம் அவனுக்கு நைட் ஷிஃப்ட். ஜெர்சி பக்கத்து வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஜெபமணி தரையில் உட்கார்ந்து பாட்டில்களுக்கு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தார். வரிசையாகச் சில்வியாவின் பின்னல்.

"ஏங்க, அந்த மல்லிகை வாசனையை எந்தக் கடையில வாங்கினீங்க?"

டெனிசன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எது, அதுவா? ஊதுபத்திக்கு வாசனைச் சரக்கு விக்கிறானே, அங்கதான். தலைக்குப் போடறது வேற கடையாம், வெலை அதிகம். வாசனை வாசனைதான, இன்னா இப்ப?"

"ஊதுபத்திக்குப் போடறதையா?" சில்வியாவின் குரல் உயர்ந்தது. "கொளுத்தறதுக்குப் போடறதை வாங்கினு வந்து என் தலையில ஊத்தினீங்களா?"

"ஏ, இன்னா கத்தற? எல்லாரும்தான தேய்க்கிறாங்க."

"என் தலையைப் பாருங்க! என் காதைப் பாருங்க! நாலு மாசமா பைத்தியக்காரி மாதிரி சொறிஞ்சுக்கினு கீறேன். இன்னிக்கு லைனை நிறுத்திட்டாங்க. அத்தனை பேர் முன்னால பேனான்னு கேட்டாரு. நாளைக்கு ஆடிட்டு. கை தலைக்குப் போனா எனக்கு லீடர் இல்ல, பேக்கிங்தான்."

டெனிசன் வாய்க்குப் போன சோற்றைத் தட்டில் வைத்தான். ஜெபமணி ஸ்டிக்கரை ஒட்டுவதை நிறுத்தினார்.

"இன்னாம்மா சொல்ற? என் எண்ணெயிலயா குத்தம்?"

சில்வியா உட்கார்ந்தாள். டாக்டர் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். ஈரக் கொண்டை தன் தப்பு என்பதையும் சொன்னாள். வாசனை கேட்டது தான்தான் என்பதையும் சொன்னாள். பொறுமையாகச் சொல்லவேண்டும் என்றுதான் ஆட்டோவில் நினைத்துக்கொண்டு வந்தாள். பாதியில் பொறுமை பிய்த்துக்கொண்டு போயிற்று.

"உனக்கு ஒத்துக்கல, அவ்ளோதான?" என்றார் ஜெபமணி. முகம் இறுகியிருந்தது. "சில பேருக்குக் கத்திரிக்கா ஒத்துக்காது. அதுக்காகக் கத்திரிக்கா வெசமா? ஊரே தேய்க்கிது. ஒருத்தியாவது வந்து சொன்னாளா?"

"அப்ப நீங்க ஏன் அத்தை தேய்க்கறதில்ல?"

கேட்ட பிறகுதான் சில்வியாவுக்கே அது உறைத்தது. ஆமாம். ஈஸ்டருக்கு முன்பெல்லாம் அவர் தன் எண்ணெயைத்தான் தேய்ப்பார். அதற்கப்புறம் வெறும் தேங்காய் எண்ணெய், தனி டப்பாவில். "சொல்லுங்க. ஊருக்கெல்லாம் விக்கறீங்க. என் தலையில கிண்ணம் கிண்ணமா ஊத்தறீங்க. உங்க தலையில ஒரு சொட்டு வைக்கல. உங்களுக்குத் தெரியும்தான? அரிக்கும்னு தெரியும்தான?"

"சில்வி!" என்று டெனிசன் அதட்டினான்.

ஜெபமணி அவளையே பார்த்தார். கண்ணில் கோபம் இல்லை. அதைப் பார்த்ததும் சில்வியாவுக்குத் தன் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"மல்லி வாசனைம்மா," என்றார் ஜெபமணி மெல்ல. "உங்க மாமா போனப்புறம் நான் ஒரு பூ வெச்சிருக்கனா? கோயில்ல பக்கத்துல நிக்கறவ, 'இன்னா ஜெபமணி, மல்லி வாசம் அடிக்குது'ன்னு கேட்டா நான் எங்க போய் மூஞ்சிய வெச்சிக்குவேன்? அதான் வெச்சிக்கல. வேற ஒண்ணும் இல்ல."

எண்ணெய் காய்ச்சுகிறவர் தலையிலேயே ஒரு சொட்டு பட்டிருந்தால், அந்த முதல் வாரமே தெரிந்திருக்கும். தாலி அறுத்தவளுக்கு மல்லிகை ஆகாது என்ற கட்டு, இந்துவுக்கும் உண்டு, வேதக்காரர்களுக்கும் உண்டு இந்தப் பக்கத்தில். சட்டம் எழுதி வைத்தவர் யாருமில்லை. மீறத் துணிந்தவரும் யாருமில்லை. அதை நினைத்தால் எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது. சில்வியாவுக்கு வராதா?

"மன்னிச்சிடுங்க அத்தை," என்றாள். "நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. ஆனா வாசனையை எடுத்துடுங்க. பழையபடி காய்ச்சுங்க. இந்த பாட்டிலை வெளிய குடுக்காதீங்க."

ஜெபமணி எழுந்தார். கதவோரம் வைத்திருந்த மஞ்சள் பையை எடுத்துப் பாட்டில்களை அடுக்க ஆரம்பித்தார். கண்ணாடி மோதுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அம்மா, அவதான் சொல்றாளே," என்றான் டெனிசன். அவன் குரலில் முந்தைய வீறாப்பு இல்லை. "கொஞ்ச நாள் நிறுத்தேன்."

"நீ பேசாத. ஊதுபத்திச் சரக்கை வாங்கினு வந்தவன் நீ." ஜெபமணி திரும்பவில்லை. "ஒருத்திக்கு ஒத்துக்கலன்னு கடையை மூடினா, நாளைக்கு ஊர் இன்னா பேசும்? அந்த அம்மா எண்ணெ தேய்ச்சா தலை புண்ணாயிடும்னு பேசும். அப்புறம் நான் மறுபடி சுவத்தைப் பார்த்துக்கினு உக்காரவா? வர்றவங்களுக்குக் குடுக்கத்தான் போறேன். வேற ஒருத்தி வந்து அரிக்கிதுன்னு சொல்லட்டும். அன்னிக்குப் பார்க்கலாம்."

அந்த நேரத்தில்தான் வாசலில் குரல் கேட்டது.

"ஆன்ட்டி, இருக்கியளா?"

ஷெர்லின். ஷிஃப்ட் முடிந்து அடையாள அட்டையைக்கூடக் கழுத்திலிருந்து கழற்றாமல் வந்திருந்தாள். அத்தனை புழுக்கத்திலும் துப்பட்டாவைத் தலையில் சுற்றி இறுக்கியிருந்தாள். சில்வியாவைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினாள்.

"அக்கா, காலையில நான் நக்கல் பண்ணல கேட்டியளா. நீங்க கோவப்பட்டுட்டிய."

"அதை விடு. இன்னா இந்த நேரத்துல?"

"எண்ணெ வாங்க வந்தேன். ஆன்ட்டிட்ட நேத்தே போன்ல சொன்னேன். நாலு பாட்டில் வேணும்." அவள் ஜெபமணியைப் பார்த்துச் சிரித்தாள். "ஆன்ட்டி, நீங்க சொன்ன மாதிரிதான் செய்யிதோம். அரிச்சா சூடுதான், ரெண்டு வேளையும் நல்லா தேய்னு மொத பாட்டில் தந்தப்பவே சொன்னியள்லா? தேய்க்கத் தேய்க்க பாட்டில் தீந்துட்டு. ஆனா இன்னும் நிக்கல பாத்துக்கிடுங்க."

சொல்லிக்கொண்டே அவள் கை துப்பட்டாவுக்குள் போயிற்று. பரக் பரக்கென்று சத்தம் கேட்டது. துப்பட்டா நழுவியது. காதுக்குப் பின்னால், நெற்றியோரத்தில், சில்வியாவுக்கு இருப்பது போலவே சிவந்து தடித்திருந்தது. இந்தப் பெண்ணுக்கு ஒரு இடத்தில் நகம் பட்டு ரத்தமும் கசிந்து காய்ந்திருந்தது.

மஞ்சள் பை ஜெபமணியின் கையில் இருந்தது. அவர் அதை நீட்டவும் இல்லை, உள்ளே எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.

"உங்க ரூம்ல எத்தினி பேருக்கும்மா அரிக்கிது?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும்தான் ஆன்ட்டி. பக்கத்து ரூமுலயும் உண்டு." ஷெர்லின் பைக்காகக் கையை நீட்டினாள். "நாளைக்கு ஆடிட்டுல்லா? நாங்க எல்லாரும் ஒரே லைனுலதான் நிக்கணும். யாரு கையும் தலைக்குப் போகப்பிடாதுன்னு சார் சொல்லிட்டாரு. அதான் இன்னைக்கு எல்லாரும் தலை நெறைய தேச்சுட்டுப் படுக்கலாம்னு. கொஞ்சம் வெரசா தாருங்க ஆன்ட்டி, ஆட்டோ நிக்குது."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. டெனிசன் தரையைப் பார்த்தான்.

ஜெபமணி பையைத் தரையில் வைத்தார். வைத்துவிட்டு, மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா," என்றார். "எனக்கு வாய் வர்ல."